ஸ்ப்ரே பெயின்ட் அரித்த ஃபோம் கல்லறை

ஹாலோவீனுக்கு வாசலில் நட, 2 அங்குல இன்சுலேஷன் ஃபோம் பலகையில் கல்லறைக் கல் வெட்டினேன். ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் எழுத்தோரமெல்லாம் குழிகுழியாக உருகிவிட்டது. இந்த ஃபோம் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது; ஸ்ப்ரே பெயின்டிலுள்ள கரைப்பான் அதை அரித்துவிடும்.

அடுத்த பலகைக்கு ஸ்ப்ரேயே வேண்டாம் என்று, தண்ணீரில் கரையும் சாம்பல் நிற லேடெக்ஸ் பெயின்ட் இரண்டு கோட் பூசினேன். எழுத்துப் பள்ளங்களுக்குள் சின்ன பிரஷ்ஷால். நன்றாகக் காய்ந்தபின் ஒரு பங்கு கறுப்புப் பெயின்டில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து மேலிருந்து வழியவிட்டு, உடனே ஈரத்துணியால் ஒற்றினேன். பள்ளங்களில் மட்டும் கறை தங்கி, பல மழை பார்த்த கல்லாகவே மாறிவிட்டது! இந்த ஒற்றலை மட்டும் உடனே தொடங்கி, நிதானமாகச் செய்யுங்கள்.

காற்றில் சாயாமலிருக்க, பின்னால் அரை அங்குல பிவிசி குழாய் இரண்டை ஃபோமுக்கான பசையால் ஒட்டி, மண்ணில் அடித்த 3/8 அங்குலக் கம்பிகளில் செருகினேன்.