குழந்தைக்குத் தைக்கும் பூவேலைச் சட்டை: உள்பக்கத்தைக் கவனியுங்கள்

பிறந்த குழந்தைக்குப் பரிசாகக் கையால் சட்டை தைக்கிறீர்களா? முன்பக்கத்துப் பூவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தையின் தோலில் படுவது அதன் பின்பக்கம்தான். அங்கே இருக்கும் முடிச்சுகளும் நூல் நுனிகளும் மெல்லிய தோலை உறுத்தும். அதனால் முடிச்சே போடாமல், நூல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்குள் நான்கைந்து முறை நுழைத்து இழுத்து வெட்டிவிடுங்கள். அப்புறம் பூவேலை முழுவதையும் மூடும்படி மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை மடித்து உள்பக்கம் தைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் நான் இதை ஒருபோதும் விடுவதில்லை.

மணி, ஜமிக்கி, முத்து எதுவும் வேண்டாம். கழன்று வந்தால் நேரே வாய்க்குள் போகும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கழுத்தில் கட்டும் நாடாவும் ஆபத்து. அலங்காரம் நூலிலும் ஒட்டுத் துணியிலும் மட்டும் இருக்கட்டும், அதிலேயே எவ்வளவோ செய்யலாம்.

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். வெட்டும் முன்பே ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். சிவப்பு, கருநீல நூல்களை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

அளவா? 6 மாதக் குழந்தைக்கு ஆகும்படி தையுங்கள். பிறந்த குழந்தையின் அளவில் தைத்தால் சில வாரங்களிலேயே பத்தாமல் போய்விடும்.