குறில், நெடில் தெரிந்தால் ஸ்வரம் படிக்கலாம்

சங்கீதப் புத்தகத்தைத் திறந்ததும் கோடும் புள்ளியுமாகத் தெரிகிறதே என்று பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்குக் கர்நாடக சங்கீதத்தில் ஸ ரி க ம என்று எழுதும் ஸ்வரக் குறிப்பில் பாதி ஏற்கெனவே தெரியும்.

முதலில் கையைப் பழக்குங்கள், புத்தகம் பிறகு. ஆதி தாளத்துக்கு 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று எண்ணுங்கள். நான்கு ஆயிற்று. அடுத்து ஒரு தட்டு, உள்ளங்கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் தட்டு, வீச்சு. நிற்காமல், வேகம் கூடாமல் ஓட வேண்டும். பேசிக்கொண்டே தாளம் போட வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இப்போது முதல் பாடமான சரளி வரிசையின் தொடக்கம்:

ஸ ரி க ம | ப த | நி ஸ் ||
ஸ் நி த ப | ம க | ரி ஸ ||

ஒற்றைக் கோடு தாளத்தின் ஓர் அங்கம் (4, 2, 2 என்ற பகுதிகளில் ஒன்று) முடிந்ததைக் காட்டும்; இரட்டைக் கோடு ஓர் ஆவர்த்தனம் (8 அட்சரச் சுற்று) முடிந்ததை. ஸ-வின் தலைமேல் உள்ள புள்ளியைப் பார்த்து மெய்யெழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். அது மேல் ஸட்ஜம் (ஸ), தார ஸ்தாயி என்னும் மேல் வரிசை. புள்ளி கீழே இருந்தால் மந்தர ஸ்தாயி என்னும் கீழ் வரிசை. பாட வேண்டாம், தாளம் போட்டபடி எழுத்துகளை வாசித்தாலே போதும்.

மூன்றாவது, நீளம்:

ஸ ரி க ம | பா | ஸ ரி ||

குறிலுக்கு ஓர் அட்சரம், நெடிலுக்கு இரண்டு. 'பா' தட்டில் தொடங்கி வீச்சு முடியும்வரை நீள வேண்டும். சில புத்தகங்களில் 'ப ,' என்று இருக்கும். கமாவுக்கு (,) ஓர் அட்சர நீட்டம், அரைப்புள்ளிக்கு (;) இரண்டு. ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்குப் புத்தகமோ கன்னடப் புத்தகமோ இருந்தாலும் இதே கணக்குதான்.

அடுத்துப் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். ரி-யில் பல வகை உண்டு; வெறும் 'ரி' என்றால் எந்த ரி? அதை ராகத்தின் பெயர்தான் சொல்லும். ஆரம்பப் பாடங்களுக்கு மாயாமாளவகௌளை ராகம்: சுத்த ரிஷபம் (ரி), அந்தர காந்தாரம் (க), சுத்த மத்திமம் (ம), சுத்த தைவதம் (த), காகலி நிஷாதம் (நி). ஆதார ஒலியை விடாமல் தரும் சுருதிப் பெட்டியோடு ஸ-வையும் ப-வையும் சேர்த்துக்கொண்டு, அதே வரிகளை இனிப் பாடுங்கள்.

வாய் ஓர் எழுத்தில் நிற்கும்போதே கண் அடுத்ததற்கு ஓடுகிறது. கை தாளத்தை விடுவதில்லை. காது சுருதியைச் சரிபார்க்கிறது. மூளைக்கு இது நல்ல உழைப்பு. தருமபுரியில் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்து வரும் அம்மாக்கள், "எங்களுக்கு இனிமேல் வருமா?" என்று கேட்கிறார்கள். வரும். ஆய்வாளர் லாரன் ஸ்டூவர்ட் குழுவினர் லண்டனில் இசை அறியாத பெரியவர்களுக்குச் சுமார் 3 மாதம் மேற்கத்திய இசைக்குறிப்பும் கீபோர்டும் கற்பித்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணால் கண்ட இடத்துக்கேற்பக் கையை இயக்க உதவும் மூளைப் பகுதியில் மாற்றம் தெரிந்தது. கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கூடும் என்று மட்டும் யாரும் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். அதற்கு உறுதியான சான்று இல்லை.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது, தாளில் முழுமையாக வராது. குருவிடம் கேட்டே பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பெரியவர்கள் ஊரிலுள்ள பாட்டு ஆசிரியரையோ நாதசுர வித்வானையோ அணுகலாம். இந்த மூன்று வரிகளும் தாளத்தோடு கையில் இருந்தால், முதல் நாளே அவர் சுருதியிலிருந்து தொடங்கிவிடுவார்.