ஏசி நின்று நின்று ஓடுகிறதா? முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள்

ஸ்பிளிட் ஏசியின் கம்ப்ரசர் சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சுவிட்சை அணைத்துவிட்டு, உள் யூனிட்டின் மூடியைத் தூக்கி வலை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டவும்.

ஃபில்டரில் தூசி அப்பிக்கொண்டால், உள் யூனிட்டில் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான ‘காயில்’ (coil) வழியாகப் போகும் காற்று குறைகிறது. காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனி கட்டத் தொடங்கும். அதை உணரும் சென்சார் கம்ப்ரசரை நிறுத்திவிடும். பனி உருகியதும் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். அறை குளிராது, கரண்ட் பில் மட்டும் ஏறும். சாலையோர வீடு என்றால் கோடையில் 2 வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது.

24 டிகிரி வைத்து, அறை அந்தக் குளிருக்கு வந்ததும் இன்வெர்ட்டர் வகை அல்லாத (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்காத) ஏசியில் கம்ப்ரசர் நிற்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. ஸ்டெபிலைசரில் ‘டக்’ என்று சத்தம் கேட்டு எல்லாமே அணைந்தால் அது வோல்டேஜ் பிரச்சினை. கழுவிய பிறகும் செம்புக் குழாயில் பனி படிந்தால் கேஸ் கசிவாக இருக்கலாம். அப்போது வெறுமனே கேஸ் நிரப்ப விடாதீர்கள், முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.