ஏற்காடு இறக்கமும் கறுத்துப்போன கால் நகமும்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஓடினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நகத்தைக் கெடுப்பது இறக்கம். பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கி, பெருவிரல் நுனி ஒவ்வொரு அடிக்கும் இடிபடும். பெரிய ஷூ வாங்கியும் பயனில்லை, வழுக்கல்தான் கூடியது.

சரிசெய்தது லேஸ். கணுக்கால் பக்கம் சும்மா கிடக்கும் கடைசித் துளையில், அதே பக்க லேஸை உள்ளே விட்டு இருபுறமும் சின்ன வளையம் விடணும். இடது நுனியை வலது வளையத்திலும் வலதை இடதிலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சு. குதிகால் அசையாது. விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும்.

நகத்தை ஓட்டத்துக்கு 2, 3 நாள் முன்பே நேராக வெட்டணும். இறக்கத்தில் எட்டி வைக்காமல் குறுகிய அடி. 100 கி.மீ. பந்தயம் என்றால், கடைசி 2 வாரம் மலையிறக்கமே வேண்டாம். இறக்கத்தில் வரும் தொடை வலி சீக்கிரம் ஆறாது.