இலோகோஸ் சூர்: நிலத்தை வைத்து வரலாற்றைப் படிக்கும் முறை

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்குக் கரையை ஒட்டி நீளும் ஒடுக்கமான மாகாணம் இலோகோஸ் சூர். மேற்கே கடல், கிழக்கே கோர்டில்லேரா மலைத்தொடர். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு தாளில் மூன்று கோடு போடுங்கள்: கடற்கரை, மலையடிவாரம், மலையைப் பிளந்து பனாவாங் இடுக்கு வழியாக வெளியே வரும் அப்ரா ஆறு.

அந்த ஆற்றின் கழிமுகத்தில் விகான் நகரைக் குறியுங்கள். 1572-ல் ஸ்பானியப் படைத்தலைவர் ஹுவான் டே சால்சேடோ இங்கே ஸ்பானியக் குடியிருப்பை நிறுவியதற்குக் காரணம் தாளிலேயே தெரியும்: ஆற்றுவழியாகக் கடல் வணிகம், மலைச்சரக்கு இரண்டும் கைக்கு எட்டும். பின்னாளில் விகானை ஒட்டி ஓடும் மெஸ்தீசோ ஆறு தூர்ந்துபோனதும் படகு வணிகம் படுத்துவிட்டது.

பலரும் தடுக்கி விழும் இடம் எல்லைதான். 1818 வரை இலோகோஸ் நோர்ட்டே (வடக்கு), இலோகோஸ் சூர் (தெற்கு) இரண்டும் சேர்ந்து ஒரே இலோகோஸ். அப்ரா மாகாணம் 1846-ல் பிரிந்தது. 1850-ல் லா யூனியன் மாகாணத்துக்கும் கொஞ்சம் நிலம் போனது. பழைய ஆவணத்தில் ‘இலோகோஸ்’ என்று கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு வரைபடத்தைத் திறங்கள். 1807-ல் பாசி என்ற கரும்பு மதுவின் அரசு ஏகபோகத்தை எதிர்த்த கலகம் பிடிக் என்னும் ஊரில் மூண்டது. அது இன்று இலோகோஸ் நோர்ட்டேயில் இருக்கிறது. கலகக்காரர்கள் தோற்றதோ தெற்கே, விகானுக்குப் பக்கத்தில், பன்டாவாய் ஆற்றங்கரையில். இன்றைய எல்லையை வைத்துப் படித்தால் ஒரே கலகம் இரண்டு துண்டாகிவிடும்.

ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த டியேகோ சிலாங்கின் எழுச்சியை மதராஸிலிருந்து தொடங்குங்கள். 1762-ல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை அங்கிருந்துதான் கப்பலேறியது. சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். தலைநகரில் ஸ்பானியர் பிடி தளர்ந்த அந்த நேரத்தில்தான் சிலாங் விகானைக் கைப்பற்றினார். 1763 மே மாதம் அவர் கொல்லப்பட்டார். போராட்டத்தைத் தொடர்ந்த மனைவி கப்ரியேலா, செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

விகானில் கிரிசோலோகோ தெருவை அவசரமாகக் கடக்காதீர்கள். ஒரு வீட்டின் முன் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். தடித்த செங்கல் சுவரோடு இருக்கும் கீழ்த்தளம் கிடங்கு, வண்டி நிறுத்துமிடம். குடும்பம் வாழ்ந்தது மேலே. அங்கே ஒளி ஊடுருவும் கபீஸ் சிப்பிச் சில்லுகள் பதித்த நகர்த்துச் சன்னல்கள். அவற்றின் கீழே, மேல்தளத்தின் தரையை ஒட்டி, காற்றுக்காகச் சிறு திறப்புகள். இந்தத் தெருவைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் சீன மெஸ்தீசோ வணிகர்கள், அதாவது சீன, உள்ளூர்க் கலப்பு வம்சத்தினர். இதை ‘ஸ்பானிய ஊர்’ என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை விடுபடும்.

சாந்தா மரியா தேவாலயம் குன்றின்மேல், கோட்டைபோல, ஊரைவிட்டு ஒதுங்கி நிற்கும். விகானுக்குப் பக்கத்து ஊரான பன்டாயின் மணிக்கூண்டு 2022 நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. ஏற முடியுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

டிராட் கணவாயைக் கடைசிக்கு வையுங்கள். 1899 டிசம்பர் 2 அன்று பிலிப்பைன்ஸ் குடியரசின் தலைவர் அகினால்டோ பின்வாங்கிச் செல்வதற்காக அவருடைய தளபதி கிரெகோரியோ டெல் பிலார் சுமார் 60 பேருடன் அமெரிக்கப் படையை அங்கே மறித்தார். எதிரி பக்கவாட்டுப் பாதையில் மேலேறியதும் நிலை குலைந்தது, டெல் பிலாரும் மடிந்தார். அது மலையேற்றம், ஆகவே மழைக்காலம் முடிந்து டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள், உள்ளூர் வழிகாட்டியோடு.