600 நாரை பறந்தும் திணறாமல் ஓட: லுவா லூப்பை வேகமாக்குவது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் உள்ள கூந்தன்குளத்துப் பறவைகளை வைத்து, லுவா என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன கேம் எழுதிக்கொண்டிருக்கிறேன். குளத்தில் 40 மீன், மேலே மஞ்சள் மூக்கு நாரைகள். அலகுக்கு எட்டுகிற தூரத்தில் மீன் வந்தால் பிடிபடும். நூறு நாரை வரை அழகாக ஓடியது. 600 ஆக்கியதும் பழைய லேப்டாப்பில் எல்லாம் விட்டு விட்டுப் பறந்தன.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் வரிகளில், ஒவ்வொரு மீனுக்கும் எல்லா நாரையையும் பார்த்தால் 24,000 சோதனை. நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 முறை திரையை வரைவது என்றால் 14,40,000. ஒரு பிரேமுக்குக் கிடைப்பதோ 16.6 மில்லி செகண்ட்தான். படம் வரைவதும் அதற்குள் முடிய வேண்டும்.

1. அளந்து பாருங்கள். லூப்புக்கு முன்னும் பின்னும் ஓஎஸ்.கிளாக் (லுவாவின் நேரம் அளக்கும் ஃபங்ஷன்) மதிப்பை எடுத்துக் கழியுங்கள். 100 பிரேமுக்குச் சராசரி பாருங்கள். கோளாறு படம் வரைகிற இடத்தில் இருந்தால், லூப்போடு மல்லுக்கட்டுவது வீண்.

2. லோக்கலில் வையுங்கள். சிறகடிப்புக்கு மேத்.சைன் கூப்பிடுகிறோம். மேத் என்பது குளோபல் பெயர், அதாவது நிரல் முழுவதற்கும் பொதுவான பெயர் என்பதால் அதை ஒரு டேபிளில் (லுவாவின் பட்டியல்) தேடி, பிறகு அதற்குள் சைனைத் தேடும். பாளையங்கோட்டையில் சமைத்துக்கொண்டே ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் ஆற்றுப்பாலம் தாண்டி டவுனுக்குப் போய்வருவது போல! லூப்புக்கு மேலே ‘லோக்கல் சைன் = மேத்.சைன்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். லுவாவை வேகமாக ஓட்டும் லுவாஜிட்டில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது.

3. வர்க்கமூலம் வேண்டாம். தூரம் 20 பிக்சலுக்குள்ளா என்று பார்க்க, தூரத்தின் வர்க்கம் 400-க்குள்ளா என்று பார்த்தாலே போதும்.

4. நடுவிலிருந்து நீக்காதீர்கள். டேபிள்.ரிமூவ் நடுவில் ஒன்றை எடுத்தால் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் முன்னே நகரும். பந்தியில் நடுவில் ஒருவர் எழுந்தால் எல்லோரும் இலையைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்களா என்ன? கடைசி ஆளை அந்த இடத்தில் உட்காரவைப்போம். அதேபோல, கடைசி மீனைப் பிடிபட்ட மீனின் இடத்தில் வைத்துவிட்டு, கடைசி இடத்தை நில் (லுவாவில் ‘ஒன்றுமில்லை’) ஆக்குங்கள். ஒன்று கவனம், லூப் பின்னாலிருந்து முன்னே வரவேண்டும். முன்னாலிருந்து போனால், இடம் மாறி வந்த மீன் அந்தச் சுற்றில் விட்டுப்போகும்.

5. கட்டம் போடுங்கள். எனக்கு உண்மையில் கைகொடுத்தது இதுதான். மேலே சொன்னவை ஒவ்வொரு சோதனையையும் மலிவாக்கும். இது சோதனைகளையே குறைக்கும். 1280-க்கு 768 திரையை 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தால் 240 கட்டம். பிரேம் தொடங்கும்போது ஒவ்வொரு நாரையையும் அதன் கட்டத்தின் பட்டியலில் போடுங்கள். x, y இரண்டையும் 64-ஆல் வகுத்து, முழு எண்ணை எடுத்தால் கட்டம் கிடைத்துவிடும். அப்புறம் மீன், தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் பார்க்கட்டும். நாரைகள் பரவலாக இருந்தால் ஒரு மீனுக்கு 22, 23 சோதனைதான். 24,000 இருந்த இடத்தில் சுமார் 900, கூடவே கட்டத்தில் போடுகிற 600 வேலை. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல்களை ஒவ்வொரு பிரேமிலும் புதிய டேபிளாக உருவாக்காதீர்கள். அப்படிச் செய்தால் பயன்படாத டேபிள்கள் குப்பையாகச் சேர்ந்து, அவற்றை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் ஓடும்போதெல்லாம் ஆட்டம் ஒரு கணம் நிற்கும். 240 டேபிளையும் தொடக்கத்திலேயே உருவாக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை நாரை என்ற எண்ணிக்கையை மட்டும் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். திரைக்கு வெளியே பறக்கிற நாரையைக் கட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். இல்லாத கட்டத்தைத் தேடிப்போய் நில் பிழையில் நின்றுவிடும்.