ராகி: நாற்று விடுவதிலிருந்து முளைகட்டிய மாவு வரை

சிறுதானியம் போடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் ராகியைத்தான் சொல்வேன். சாமை, தினை, வரகு எல்லாமே சத்தானவைதான், மறுப்பில்லை. ஆனால் அவற்றுக்கு உமி நீக்க வேண்டும், அதற்கு மெஷின் வேண்டும், மெஷின் இருக்கிற ஊருக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ராகியில் அந்தத் தொல்லை கிடையாது. அடித்து, தூற்றி, புடைத்தால் அப்படியே அரைக்கலாம். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் பத்து இருந்தால் அதிகம்.

தர்மபுரிப் பக்கம் எங்களுடையது செம்மண் கொல்லை, ஆடி மழையை நம்பிய பூமி. மானாவாரிக்குப் பையூர் 2 ரகம் சரியாக வருகிறது, 115 நாளில் அறுத்துவிடலாம். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கோ 15 ரகம் பார்க்கலாம். ஏக்கருக்கு ஐந்து சென்ட் நாற்றங்காலும் 2 கிலோ விதையும் போதும். நேரடியாகத் தூவினால் ஐந்து ஆறு கிலோ பிடிக்கும், களையெடுக்கவும் சிரமம்.

விதைக்கு முன் உப்புத் தண்ணீர் சோதனையை விடாதீர்கள். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் பொக்கு மேலே மிதக்கும். அதை அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை உப்பு போக நன்றாக அலசி நிழலில் உலர்த்தி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கலந்துகொள்ளுங்கள். குலை நோய் வந்தால் கதிர்க் கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் சாவியாகிவிடும். வந்தபின் மருந்தடித்து ஓடுவதைவிட இது மலிவு.

நாற்று 18 முதல் 20 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். வரிசைக்கு வரிசை ஒரு அடி, குத்துக்குக் குத்து நான்கு அங்குலம், குத்துக்கு இரண்டு நாற்று, அவ்வளவுதான். கை நிறைய அள்ளிச் செருகினால் தூர் கட்டாது, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை வெடிக்காது. எட்டு வரிசைக்கு ஒரு வரிசை அவரை போடுவோம். ராகி அறுத்த பிறகும் அது காய்த்துக்கொண்டிருக்கும், களிக்குக் குழம்பும் ஆயிற்று. கர்நாடகத்தில் ஹாவேரிப் பக்கம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுத்து நட்டு, இளம் பயிரின் மேல் மாட்டைக் கட்டி லேசான கட்டையை இழுத்துவிடுகிறார்கள். பயிர் படுத்து எழும்போது தூர் பெருகுகிறது. ஆள் கூலிக்குக் கஷ்டப்படுகிறவர்கள் கால் ஏக்கரில் செய்து பார்க்கலாம்.

அறுவடையில்தான் நிதானம் வேண்டும். ராகி ஒரே நாளில் முற்றாது. பாதிக் கதிர் பழுப்பேறியதும் அவற்றை மட்டும் கருக்கரிவாளால் கிள்ளி அறுங்கள். ஒரு வாரம் கழித்து மிச்சத்தைப் பச்சையோடு சேர்த்து அறுக்கலாம். இந்த இரண்டாம் அறுப்பை உடனே காயப்போடாமல் நிழலில் ஒரு நாள் அம்பாரமாகக் குவித்து வைத்தால், உள்சூட்டில் அரைகுறை மணியும் முற்றிவிடும். ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். மறந்தால் பூஞ்சை வாடை ஏறும். முதல் அறுப்பு ராகியை விதைக்கும் மாவுக்கும் தனியாக எடுத்து வைப்பேன். இரண்டாவது வீட்டுச் செலவுக்கு.

அப்புறம், தயவுசெய்து தார் ரோட்டில் போட்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடிக்க விடாதீர்கள். வேலை சுலபமாக முடியும், உண்மைதான். ஆனால் ராகி மணியும் ரோட்டுப் பொடிக்கல்லும் ஒரே அளவு, ஒரே நிறம். எந்தச் சல்லடையும் பிரிக்காது. ஒரு வாய்க் களியில் நறுக்கென்று கல் கடிபட்டால், வாங்கினவர் மறுபடி உங்கள் வாசலுக்கு வர மாட்டார். தார்ப்பாய் விரித்துத் தடியால் அடித்தாலும் சரி, டிராக்டர் ஓட்டினாலும் சரி, மண் தொடக்கூடாது. இரண்டு மூன்று வெயில் காட்டி, மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

முளைகட்ட, ராகியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, மேலாகச் சாய்த்துச் சாய்த்து இரண்டு பாத்திரத்துக்கு மாற்றி அரியுங்கள். மீதிக் கல் அடியில் தங்கிவிடும். இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈர வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரே நாளில் முளை எட்டிப் பார்க்கும், மார்கழிக் குளிரில் ஒன்றரை நாள் ஆகும். வெள்ளை முனை மணியைவிட நீளமாகுமுன் நிறுத்திவிட வேண்டும். வால் நீண்டால் மாவு கசக்கும். துணியில் புளித்த வாடை வந்தால் அந்த ராகியை மாட்டுக்கு வைத்துவிடுங்கள், காயவைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

மெல்லிசாகப் பரப்பி நன்றாகக் காயவைத்த பிறகு, கையால் கசக்கி முறத்தில் புடைத்தால் முளையெல்லாம் உமிபோல் பறந்துவிடும். வாணலியில் இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை மட்டும் வறுங்கள். கருக வறுக்கிறவர்கள் முளைகட்டியதன் பலனையே அடுப்பில் போடுகிறார்கள். முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுப்பொருளை உடைப்பதால்தான் கஞ்சி நீர்த்து இறங்குகிறது. கெட்டியாகாது என்பதால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்க்கலாம், குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டும்போது குறைகிறது.

இதே காரணத்தால் இந்த மாவில் களி கிண்டாதீர்கள். எவ்வளவு துழாவினாலும் உருண்டை நிற்காது, பிசுபிசுவென்று ஒழுகும். “அத்தை, மாவு கெட்டுப்போச்சா?” என்று பக்கத்து வீட்டு மருமகள் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். மாவு கெடவில்லை, களிக்கு வேண்டியது முளைகட்டாத மாவு. விற்கிறவர்கள் கவர் மேலேயே ‘கஞ்சி மாவு’, ‘களி மாவு’ என்று எழுதிவிடுவது நல்லது.

அரைக்க மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். முந்தின ஆள் மிளகாய் அரைத்திருந்தால் குழந்தைக் கஞ்சி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சூடு ஆறிய பிறகே கவரில் போட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும். மொத்தமாக அரைத்து அடுக்காதீர்கள். ராகி மணி வருடக்கணக்கில் வண்டு தொடாமல் கிடக்கும், மாவு அப்படி இருக்காது. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் போதும்.

விலை விஷயத்தில், 2025-26க்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதாவது கிலோ 49 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வியாபாரி களத்துக்கே வந்து கேட்கும் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவாக விற்பதென்றால் ஊறவைத்துப் புடைத்ததில் போகும் எடை, மில் கூலி, கவர், உங்கள் கைக்கூலி நான்கையும் கூட்டிய பிறகு விலை சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் எடுத்துவிடுங்கள், கடைக்காரர் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.